தலைவரம்மாவின் கையெழுத்து

கீழமடைக்குளம் ஊராட்சித் தலைவர் இசக்கிச்செல்வியின் கையெழுத்தை நான் நாலு வருடமாகப் பார்த்துவருகிறேன். வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து, அடியில் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்திருக்கும். தீர்மானப் புத்தகத்தில், குடிநீர் இணைப்பு மனுவில், வீடு கட்டும் அனுமதியில், எங்கே பார்த்தாலும் அதே கோடு, அதே புள்ளி. நல்ல மிடுக்கான கையெழுத்து. ஒரே குறை, அதில் ஒன்றைக்கூட அந்த அம்மாள் போடவில்லை.

போட்டது அவருடைய கணவர் செந்தூர்பாண்டி. தாள்களைக் கொண்டுபோய் அவரிடம் கையெழுத்து வாங்கிவந்தது நான். என் பெயர் காந்திமதிநாதன், அந்த ஊராட்சியின் செயலர். ஊரில் கிளார்க்கு அண்ணாச்சி என்பார்கள். தச்சநல்லூரில் வீடு, தினமும் பைக்கில் போய்வருகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இசக்கிச்செல்விக்கு நாற்பத்திரண்டு வயது. முக்கூடலில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கு முன்பே முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றப் பழகியிருந்தார். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்த முறமும் கூடவே வந்தது. 2021-இல் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பத்து வருடமாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்த செந்தூர்பாண்டிக்கு முகம் செத்துப்போயிற்று. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் நாலு தாளை நீட்டி, "இதுல எல்லாம் பேரு எழுதிப் போடு" என்றார். என்ன தாள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அது வேட்புமனு.

சுவரொட்டியில் கணவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. மனைவி படம் ஓரத்தில், ரேஷன் கார்டில் இருக்கிற அளவுக்கு. அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். பதவியேற்பு நாளில் உறுதிமொழிப் பதிவேட்டைத் திறந்து நான் கையெழுத்துக் கேட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றுக்குப் புள்ளி விடாமல் எழுதினார். ஒரு நிமிடம் ஆயிற்று. வார்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ள எழுதுன மாதிரில்லா இருக்கு. தலைவர் கையெழுத்துன்னா ஒரு இழுப்பு வேண்டாமா அண்ணாச்சி?" என்று சொல்லி, மறுநாள் செந்தூர்பாண்டி ஒரு புதுக் கையெழுத்தைத் தயாரித்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருபது முப்பது தடவை போட்டுப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். இரண்டு புள்ளி வைத்ததுதான் எடுப்பாக இருக்கிறது என்றேன். மாதிரிக் கையெழுத்து என்று ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பியதும் அதைத்தான்.

அன்றிலிருந்து நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். ஊர் அவரைத் தலைவர் என்றது. அந்த அம்மாளைத் தலைவரம்மா என்றது. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றவும் கிராமசபையில் உட்காரவும் பட்டுச்சேலை கட்டி வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் பீடி சுற்றினார். ஆனால் பெண்கள் புறவாசல் வழியாக அவரிடம்தான் போனார்கள். எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும் முன்னே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை திருநெல்வேலியில் பெண் தலைவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அங்கே கொடுத்த கையேட்டை முறத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்துக்கொண்டே பீடி சுற்றுவார்.

"அண்ணாச்சி, தலைவர் கையெழுத்த வேற யாரும் போடக் கூடாதுன்னு போட்டுருக்கே, நெசமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"புஸ்தகத்துல எல்லாம் அப்படித்தான் போடுவான்" என்று சொல்லிவிட்டு, செந்தூர்பாண்டியிடம் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த வருடம் ஆனி மாதத்தில் டார்லின் விஷயம் வந்தது. டார்லினுக்கு இருபத்துநாலு வயது. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களைக் காலையும் மாலையும் செல்போனில் படம் எடுத்து ஏற்றுவது, வருகைப் பதிவேடு எழுதுவது அவள் வேலை. சங்கர் என்று ஒருவன். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு வைத்திருக்கிறவன். குளம் தூர்வாரும் வேலையெல்லாம் அவன் சொன்னபடிதான் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று குளத்தங்கரை மோட்டார் அறைக்கு அவளைக் கூப்பிட்டான். உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்தான். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. அவன் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

நேரே தலைவரம்மா வீட்டுக்குத்தான் வந்தாள். அங்கே நடந்ததைத் தலைவரம்மாவே பின்னால் என்னிடம் சொன்னார், தன்னை விட்டுக்கொடுத்தே சொன்னார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஏளா, நீ ஏன் அவன் பைக்ல எல்லாம் ஏறுன?" என்பதுதான். அதற்கு முந்தின மாதம் ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு தடவை அவன் பைக்கில் டார்லின் போயிருந்தாள். ஊர் அதைப் பார்த்து வைத்திருந்தது.

"பஸ் இல்லாததுனால ஏறுனேன்க்கா. பஸ்ஸுல ஏறுனா கண்டக்டருக்குச் சம்மதம்னு அர்த்தமா?" என்று டார்லின் கேட்டிருக்கிறாள்.

அந்தக் கேள்வியில், பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது என்று தலைவரம்மா சொன்னார். "நான் கேட்டது தப்புட்டி" என்று அவளிடம் சொல்லி, தாள் கொடுத்துப் புகார் எழுதச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் நடக்கிற இந்த மாதிரிக் காரியங்களை விசாரிக்க மாவட்டத்தில் ஒரு புகார்க் குழு இருக்கிறது. அதற்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். செந்தூர்பாண்டியிடம் சொல்லாமல் அனுப்பினேன் என்பதை என் கணக்கில் ஒரு நல்ல காரியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதோடு அது முடிந்துவிட்டது.

பத்து நாளில் குழுவிலிருந்து கடிதம் வந்தது, ஊராட்சித் தலைவரின் அறிக்கை வேண்டும் என்று. அதைப் பிரித்துப் படித்தவர் செந்தூர்பாண்டி. சங்கருக்கு அப்போதே போன் போனது. அரை மணி நேரம் வாசலில் நடந்துகொண்டே பேசினார். அடுத்த தேர்தலில் தலைவரம்மாவுக்கு ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு வாங்கித் தருவதாக சங்கர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். தலைவரம்மாவுக்கு என்றால் யாருக்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"சிரிச்சுப் பேசுனவதான அண்ணாச்சி? பைக்ல போனவதான? இப்ப என்னத்துக்குப் பெரிசு பண்ணணும். நான் சொல்லுதேன், டைப் அடியுங்க" என்றார்.

அடித்தேன். 'விசாரித்ததில் இருவரும் மனமொத்துப் பழகிவந்தவர்கள் என்றும், இடையில் ஏற்பட்ட மனத்தாங்கலில் கொடுத்த புகார் என்றும் தெரியவருகிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை.' என் விரல் நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. எழுத்துப்பிழை பார்த்து, அச்சு எடுத்து நீட்டினேன். அவர் கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்தார். நான் முத்திரை குத்தினேன்.

அறிக்கையின் நகல் டார்லினுக்கும் போகும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து தலைவரம்மாவின் முறத்தில் போட்டிருக்கிறாள். "நீங்களே இப்படி எழுதிட்டீயளேக்கா. நீங்கதான எழுதச் சொன்னீய" என்றாளாம்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தலைவரம்மா அலுவலகத்துக்கு வந்தார். சாதாரணச் சேலை, விரலில் பீடித்தூள் வாசம். செந்தூர்பாண்டி ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொடியும் இல்லை, கிராமசபையும் இல்லை, வேலை நாளில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அந்தக் கடுதாசிய எடுங்க அண்ணாச்சி."

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது யாரு அடிச்சது?"

"நான்தாம்மா."

"படிச்சுப் பாத்துத்தான் அடிச்சீங்களா?"

ஐம்பத்துநாலு வயதில், என்னைவிடக் குறைவாகப் படித்த ஒரு பெண் முன்னால் தலை குனிந்து நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இது எங்கே போய் முடியுமோ என்ற பயம்தான் அதிகமாக இருந்தது.

அவரே ஒரு தாளில் எழுதினார். 'அந்த அறிக்கை நான் கொடுத்தது இல்லை, அதில் இருப்பது என் கையெழுத்து இல்லை, டார்லின் கொடுத்த புகாரை விசாரிக்க வேண்டும்.' கீழே தன் பெயரை எழுத்தெழுத்தாகப் போட்டார். ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து குழுவுக்கு அனுப்பச் சொல்வோம் என்றார். பைக்கில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் பஸ்ஸில் வந்தார், நான் பின்னால் போனேன்.

ஒன்றிய அலுவலகத்தில் தாளை வாங்கியவர், மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது தலைவர் கையெழுத்து இல்லையே."

"நான்தான் தலைவர்" என்றார் இசக்கிச்செல்வி.

"நீங்கதாம்மா. கையெழுத்துதான் வேற."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு புள்ளி வைத்ததுதான் எடுப்பாக இருக்கிறது என்று சொன்ன வாய் அங்கே மூடிக்கொண்டு நின்றது. தன் பெயருக்குத் தானே சொந்தமில்லாமல் ஒரு மனுஷி மேசை முன்னால் நிற்கிறார். சுற்றிலும் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதற்குள் யாரோ செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

ஒன்றிய அதிகாரி உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "இந்த ஒரு கடிதம் மட்டும் உங்க கையெழுத்து இல்லன்னு சொல்ல முடியாதும்மா. சொன்னா நாலு வருசத்துக் கையெழுத்தும் உங்களுது இல்லன்னு ஆகும். பதவி போயிரும். உங்க வீட்டுக்காரர் மேல கேசு வரும். திங்கக்கிழமை குழு உங்களையும் கிளார்க்கையும் கூப்பிட்டிருக்கு. அது வரைக்கும் யோசிங்க."

யோசிக்க நாலு நாள். அந்த நாலு நாளும் நான் எனக்காகத்தான் யோசித்தேன். கேசு வந்தால் அதில் என் பெயரும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூர்பாண்டி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். முந்தின நாள் சங்கரின் காரில் திருச்செந்தூர் போய் வந்திருந்தார். பன்னீர் இலையில் மடித்த விபூதியை என் கையில் கொடுத்து, பூசிக்கொள்ளச் சொன்னார். தலைவரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முறம் பக்கத்தில் சும்மா கிடந்தது.

"தலைவரம்மா உங்க கண்ணு முன்னாலதான் போட்டாவன்னு நீங்க சொல்லிருங்க அண்ணாச்சி. அவ ஒண்ணும் சொல்ல வேண்டாம், தலைய ஆட்டுனாப் போதும்" என்றார் செந்தூர்பாண்டி.

நான் சரி என்று தலையை ஆட்டினேன். விபூதியோடு ஆட்டினேன்.

"ஏட்டி, நீயும் சொல்லு. நான் ஜெயிலுக்குப் போவணுமா? யாரோ ஒருத்திக்காக?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார்.

இசக்கிச்செல்வி சொன்னார்: "இருவத்து மூணு வருசமா நீங்க ஒண்ணையும் என்னயக் கேக்கல. பழகிப்போச்சுன்னு நானும் இருந்துட்டேன். ஜெயிலுக்குப் போனா நான் வந்து பாக்கேன். பொய் சொல்ல வர மாட்டேன்." என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுதத நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

செந்தூர்பாண்டி எழுந்து வந்தார். கை ஓங்கவில்லை, ஓங்கிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். முறத்தைக் காலால் எத்தினார். இலையும் தூளும் வீடெங்கும் சிதறின. அந்த அம்மாள் அதைப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகப் பீரோவைத் திறந்தேன். உறுதிமொழிப் பதிவேட்டை எடுத்துப் பையில் வைத்தேன். எதற்கு என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் திருப்பி வைத்திருப்பேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. குழுவின் தலைவர் விஜயஸ்ரீ என்ற வழக்கறிஞர். டார்லின் ஒரு மூலையில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் சங்கரும் செந்தூர்பாண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.

"இந்த அறிக்கை நீங்க கொடுத்ததா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"இல்லம்மா."

"கையெழுத்து?"

"அதுவும் என்னுது இல்ல."

வழக்கறிஞர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, மூன்று தடவை போடச் சொன்னார். அவர் போட்டார். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அறிக்கையில் இருந்ததற்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அப்ப இதைப் போட்டது யார்?"

இசக்கிச்செல்வி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. இப்போதாவது தலையை ஆட்டிவிட்டு வந்துவிடக்கூடாதா என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன்.

"எங்க வீட்டுல அவிய போட்டது. இது மட்டும் இல்ல, நாலு வருசமா எல்லாம் அவிய போட்டதுதான்."

"நீங்க அனுமதி கொடுத்தீங்களா?"

"கேக்கல."

"நீங்க தடுத்தீங்களா?"

"தடுக்கல. வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லல" என்றார். குரல் கொஞ்சம் ஏறியது. "நான் சொல்லாம இருந்தத எல்லாரும் சம்மதம்னு எடுத்துக்கிட்டாவ. எனக்கும் அதான் சம்மதம்னு தோணிப்போச்சு. இந்தப் பிள்ள வேண்டாம்னு வாயத் திறந்து சொல்லிருக்கு, கடிச்சிருக்கு, ஓடியாந்திருக்கு. அதுக்கும் சம்மதம்னு எழுதி, அடியில என் பேரப் போட்டுருக்காவ. அதான் வந்தேன்."

டார்லின் தலையை நிமிர்த்தினாள். வராந்தாவில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். "அறிக்கையைத் தட்டச்சு செய்தது யார்?"

நாலு வருடம் பயந்து பயந்து வாழ்ந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. "நான்தான்" என்றேன். பையைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். பதவியேற்ற நாளின் பக்கத்தைத் திருப்பி, மேசையில் இருந்த வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுத்தெழுத்தாக, புள்ளி விடாமல், அதே கையெழுத்து.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சங்கர் மேல் வழக்குப் பதிவாகி, நடந்துகொண்டிருக்கிறது. கட்சி அவனைப் பொறுப்பிலிருந்து எடுத்தது. தேர்தல் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டார்லின் அதே குளத்தங்கரையில் அதே வேலையைப் பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேர் தலைவரம்மாவோடு பேசுவதில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். புறவாசலுக்கு வந்த பெண்களில் சிலர் இப்போது முன்வாசல் வழியாக வருகிறார்கள். எனக்கு மெமோ வந்தது. அதற்கு மேலும் வரும். செந்தூர்பாண்டி பதினோரு நாள் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். சொன்னபடியே அந்த அம்மாள் போய்ப் பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை தலைவரின் அதிகாரங்களை நிறுத்திவைப்பதாக. ஒன்றிய அலுவலகத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவரோடு நானும் போனேன். செந்தூர்பாண்டி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். வந்தவர் நாலு வருடப் பழக்கத்தில், "தலைவரே, ஒரு கையெழுத்து" என்று தபால் புத்தகத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினார்.

செந்தூர்பாண்டியின் கை பேனாவைத் தொட்டது. பிறகு திரும்பியது. தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார்.

"செல்வி, இங்கன வா. உனக்குத் தாள் வந்திருக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உத்தரவை முழுக்கப் படித்தார். மடித்து வைத்துவிட்டு, தபால் புத்தகத்தை மடியில் வைத்து, 'இ' என்று தொடங்கினார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்; இன்னும் மூன்று ஊருக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தார்.

"ஒரு நிமிசம் ஆகும்" என்றேன் நான். "பைய இரும்வே."